குவெரி பிழை காட்டவில்லை, ஆனால் விடை தப்பாக வருகிறது: எங்கே தேடத் தொடங்குவது?

கேள்வி இதுதான்: எஸ்கியூஎல் குவெரி (தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் கட்டளை) தடையில்லாமல் ஓடுகிறது, ஆனால் வரவேண்டிய சில பதிவுகள் வருவதில்லை. சில இடங்களில் கூட்டுத்தொகை ஒத்துப்போவதில்லை. சில நாட்களில் ரொம்ப மெதுவாகவும் ஓடுகிறது. எதை முதலில் பார்ப்பது?

விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரே ஒரு பதிவைக் கையில் எடுங்கள். அது வந்திருக்க வேண்டும், வரவில்லை. குவெரியில் அது எந்த இடத்தில் கழன்று விழுகிறது என்று தேடுங்கள். மொத்தக் குவெரியையும் முறைத்துப் பார்த்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருப்பதைவிட இது பத்து மடங்கு வேகமானது. காரைக்குடியில் இருந்துகொண்டு பலகாரக் கடை, டைல்ஸ் பட்டறை, ஊர்க் கோயில் என்று சின்ன இடங்களுக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுப்பது என் தொழில். பிழை காட்டி நிற்கிற குவெரிக்கு நான் பயப்படுவதில்லை, எங்கே கோளாறு என்று அதுவே சொல்லிவிடும். சத்தமில்லாமல் தப்பான எண்ணைத் தருகிற குவெரிக்குத்தான் பயப்படுகிறேன், ஏனென்றால் அந்த எண்ணை நம்பி ஒருவர் சரக்கு வாங்குவார், சம்பளம் போடுவார்.

2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. நான் பில் மென்பொருள் போட்டுக்கொடுத்த ஒரு பலகாரக் கடையில் அன்று விடியும் முன்பே கதவைத் திறந்துவிட்டார்கள். நவம்பர் முதல் வாரம் அக்டோபர் மாத அறிக்கையை எடுத்துக்கொண்டு போனேன். கடையை நடத்தும் ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். “தம்பி, தீபாவளி அன்னைக்கு வித்தது இதுல இல்லையே” என்றார். அவர் மடியில் சிட்டை இருந்தது. பில் மெஷின் வந்த பிறகும் அவர் கையால் எழுதுவதை விடவில்லை.

நான் குவெரியைத் திறக்கவில்லை. “அன்னைக்கு நடந்த ஒரு வியாபாரம் சொல்லுங்க ஆச்சி” என்றேன். காலை ஆறு மணி சுமாருக்கு 5 கிலோ சீப்புச் சீடையும் 3 கிலோ தேன்குழலும் கோட்டையூருக்குப் போனதாகச் சொன்னார். அந்தப் பில்லைத் தேடினேன். டேபிளில் பத்திரமாக இருந்தது: 06:10 மணி, தொகை சரி, ரத்து செய்யப்படவும் இல்லை. அப்புறம் அறிக்கையின் குவெரியில் இருந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஓட்டினேன். தேதி நிபந்தனையை எடுத்ததும் சீப்புச் சீடை வந்துவிட்டது.

தேதியை ‘பிட்வீன்’ போட்டு 2024-10-01 முதல் 2024-10-31 வரை என்று எழுதியிருந்தேன். படிக்கும்போது சரியாகத்தான் தெரியும். ஆனால் பில் நேரத்தை வைத்திருந்த ஃபீல்டில் தேதியோடு மணியும் சேர்ந்து இருக்கிறது. வெறும் தேதியைக் கொடுத்தால் தரவுத்தளம் அதை அந்த நாளின் நள்ளிரவு 00:00:00 என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே 31ஆம் தேதி பிறந்த அந்த நொடியோடு கணக்கு முடிந்துவிட்டது. அன்று காலை 06:10க்குப் போட்ட பில் வெளியே நின்றது. இதற்குத் திருத்தம், அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு, நவம்பர் 1க்கு முன்பு என்று இரண்டு தனி நிபந்தனைகளாக எழுதுவது. 23:59:59 என்று ஒட்டுப்போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நொடியின் பின்னங்களைச் சேமிக்கிற ஃபீல்டில் கடைசி நொடிக்குள் விழுந்த பதிவு அப்போதும் நழுவும்.

அதற்கு முந்தைய மாத அறிக்கைகள் எல்லாவற்றிலும் கடைசி நாள் விடுபட்டிருந்தது. சாதாரண நாளின் விற்பனை என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. எல்லாவற்றையும் மறுபடி கணக்கெடுத்து ஆச்சியிடம் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்தப் புது அறிக்கையையும் கையால் எழுதிய கணக்கோடு ஒரு மாதமாவது ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் விடுவதில்லை.

அடுத்து ‘நல்’, அதாவது மதிப்பே பதியாமல் விட்ட இடம். குவெரியில் வரும் கோளாறுகளில் பாதிக்கு இதுதான் காரணம் என்று என் அனுபவத்தில் சொல்வேன். நகரத்தார் ஊர்களில் திருமணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி. கோயில் செலவுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி விழும். ஒரு ஊர்க் கோயிலுக்கு, இந்த ஆண்டு வரி கட்டாத புள்ளிகளின் பட்டியல் கேட்டார்கள். ரசீது டேபிளில் உள்ள புள்ளி எண்களை உள் குவெரியாக (குவெரிக்குள் இன்னொரு குவெரி) வைத்து, அவற்றில் இல்லாத புள்ளிகளை ‘நாட் இன்’ போட்டு எடுத்தேன். ஒரு பெயர்கூட வரவில்லை. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் காரியக்காரர் போன் செய்தார்: “எல்லாரும் கட்டிட்டதாக் காட்டுது தம்பி. மலேசியாவுல இருக்கிற எங்க பங்காளி இன்னும் கட்டலைன்னு எனக்கே தெரியும்.” தெரிந்த ஒரு பதிவு அவர் வாயாலேயே கிடைத்துவிட்டது.

ரசீதுகளுக்குள் ஒன்று பொதுவான நன்கொடை. புள்ளி எண் இல்லாமல் பதிந்திருந்தார்கள், அதாவது ‘நல்’. ‘நல்’ என்றால் பூஜ்யமும் அல்ல, வெற்றெழுத்தும் அல்ல. “என்னவென்று தெரியாது” என்று பொருள். 142ஆம் புள்ளி அந்தப் பட்டியலில் இல்லையா என்று தரவுத்தளம் ஒவ்வொரு எண்ணோடும் ஒப்பிட்டுக்கொண்டே வருகிறது. தெரியாத அந்த ஒன்றிடம் வந்ததும், அது 142ஆகவும் இருக்கலாம் என்பதால், “இல்லை” என்று உறுதியாகச் சொல்ல அதனால் முடியாது. பதிவுகளை வடிகட்டும் ‘வேர்’ நிபந்தனை உறுதியான உண்மையை மட்டும்தான் உள்ளே விடும். ஆயிரம் ரசீதில் ஒரே ஒரு ‘நல்’ போதும், மொத்த விடையும் காலி. பொருந்தும் ரசீது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ போட்டு எழுதினால் இந்தச் சிக்கல் வராது. நான் இப்போது ‘நாட் இன்’னுக்குள் உள் குவெரி வைப்பதையே விட்டுவிட்டேன்.

இதே குணம் இன்னும் இரண்டு இடங்களில் காலை வாரும். ஊர் ‘தேவகோட்டை’ அல்லாதவர்கள் என்று கேட்டால், ஊரே பதியாதவர்கள் வரமாட்டார்கள். ‘லெஃப்ட் ஜாயின்’ என்பது இரண்டு டேபிள்களை இணைக்கும்போது, வலப்பக்கத்தில் ஜோடி இல்லாவிட்டாலும் இடப்பக்கப் பதிவுகள் எல்லாவற்றையும் காட்டும். அதைப் போட்டுவிட்டு, வலப்பக்க டேபிளின் ஆண்டு 2024 என்று ‘வேர்’ பகுதியில் எழுதினால், ரசீதே இல்லாத புள்ளிகளின் ஆண்டு ‘நல்’ ஆக இருப்பதால் அவர்கள் வடிகட்டப்பட்டுவிடுவார்கள். ‘லெஃப்ட் ஜாயின்’ போட்டதற்கே பலனில்லாமல் போய்விடும். அந்த நிபந்தனையை, எதை வைத்து இணைப்பது என்று சொல்கிற ஜாயினின் ‘ஆன்’ பகுதிக்குள் வையுங்கள்.

கூட்டுத்தொகை பெருத்து வந்தால் வேறு கதை. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றின் கணக்கைப் பாருங்கள். கண்ணாடி மேல் வண்ண சிமெண்டைக் கையால் ஊற்றிச் செய்கிற கல் என்பதால் ஆர்டர் முடிய நாளாகும், பணம் தவணையாக வரும். ஒரு வீட்டுக்கு 3 டிசைன். முன்பணம் இரண்டு தடவை, 10,000 ரூபாயும் 15,000 ரூபாயும். ஆர்டரோடு டிசைன் டேபிளையும் பணம் டேபிளையும் ஒரே குவெரியில் ஜாயின் செய்தால் 3 பெருக்கல் 2, மொத்தம் 6 பதிவுகள். ஒவ்வொரு பணப் பதிவும் மூன்று தடவை வரும். வந்தது 25,000, குவெரி சொல்வது 75,000. பாக்கி வாங்க வேண்டியவரிடம் “நீங்கள் கூடக் கட்டிவிட்டீர்கள்” என்று பட்டறைக்காரர் சொல்ல வேண்டியதுதான்.

இந்த இடத்தில் பலர், ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒன்றை மட்டும் எடுக்கிற ‘டிஸ்டிங்க்ட்’ போட்டு மூடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாளைக்கே ஒருவர் இரண்டு தடவையும் 10,000 கட்டினால், தொகைகளில் ‘டிஸ்டிங்க்ட்’ போட்ட கூட்டல் ஒன்றை விழுங்கிவிடும். பணத்தை ஆர்டர் வாரியாக ஒரு உள் குவெரியில் கூட்டுங்கள், டிசைனை இன்னொன்றில் கூட்டுங்கள், ஆர்டருக்கு ஒரே வரி என்று ஆன பிறகு இணையுங்கள். சந்தேகம் வந்தால் கூட்டலை எடுத்துவிட்டு, ஒரே ஆர்டர் எண்ணுக்கு வெறும் பதிவுகளை வரவழைத்துக் கண்ணால் எண்ணுங்கள். 6 வந்தால் காரணம் அப்போதே தெரிந்துவிடும்.

பெயர்களைத் தமிழில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு வருகிற ஒரு தொல்லை உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதை அதிகம் பார்க்க முடியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒன்றில் ‘கோட்டையூர்’ என்று தேடினால் பாதிப் பேர்தான் வந்தார்கள். வராத ஒருவரின் பதிவைத் திறந்து பார்த்தால் அதிலும் ‘கோட்டையூர்’ என்றே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான். பிறகு இரண்டின் நீளத்தைக் கேட்டேன். ஒன்று 10, மற்றது 11. பைட் கணக்கில் 30, 33.

யூனிகோடில் ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிக்கொண்டுவந்த கோப்பில் இரண்டு குறிகளாக வந்திருந்தது. போஸ்ட்கிரெஸ் வழக்கமாகப் பைட்டுக்குப் பைட் பார்த்துத்தான் இரண்டும் ஒன்றா என்று சொல்லும், அதனால் இரண்டும் வேறு வேறு ஊர் ஆகிவிட்டன. இப்படி இரண்டு விதமாக வந்ததை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர, போஸ்ட்கிரெஸின் 13ஆம் பதிப்பிலிருந்து ‘நார்மலைஸ்’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. உள்ளே வரும் ஒவ்வொரு பெயரையும் அதில் போட்டு எடுத்த பிறகு சேமியுங்கள், தேடும் சொல்லையும் அப்படியே செய்யுங்கள்.

ஔகாரத்துக்கு அது மட்டும் போதாது. ‘சௌந்தரம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் எகரக் கொம்பும் தனி ‘ள’வும் போட்டு ‘செளந்தரம்’ என்று தட்டச்சு செய்திருப்பார்கள். அது உண்மையிலேயே வேறு எழுத்து, ‘நார்மலைஸ்’ அதைத் தொடாது. தனி விதி எழுதித்தான் திருத்த வேண்டும், திருத்தும் முன் பட்டியலை ஒருவர் கண்ணால் பார்ப்பது நல்லது. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியையும் இதே நீளச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

சரி, வேகம். இதில் ஊகித்துக்கொண்டிருக்காமல் குவெரிக்கு முன்னால் ‘எக்ஸ்பிளெயின்’ போட்டுப் பாருங்கள். இன்டெக்ஸை (புத்தகத்தின் பின்னால் வரும் சொல்லடைவு மாதிரி, பதிவு இருக்கும் இடத்தைச் சட்டென்று காட்டுவது) தொடுகிறதா, மொத்த டேபிளையும் படிக்கிறதா என்று சொல்லும். போஸ்ட்கிரெஸில் ‘எக்ஸ்பிளெயின் அனலைஸ்’ என்றால் குவெரியை நிஜமாகவே ஓட்டும். ‘டெலீட்’டுக்கு முன்னால் அதைப் போட்டால் பதிவுகள் அழிந்துவிடும், எனவே டிரான்ஸாக்ஷன் (மாற்றங்களை மொத்தமாக உறுதிசெய்யவோ கைவிடவோ முடிகிற ஒரு தொகுப்பு) தொடங்கி, பார்த்துவிட்டு ‘ரோல்பேக்’ செய்து மாற்றங்களைக் கைவிடுங்கள். தேதி ஃபீல்டை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து ஒப்பிட்டால், முன்னால் எது இருந்தாலும் சரி என்று சதவீதக் குறியில் தொடங்கும் ‘லைக்’ தேடல் போட்டால், சாதாரண இன்டெக்ஸ் உதவாது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இன்னொன்று: எழுத்தாகச் சேமித்த போன் எண்ணை மேற்கோள் குறி இல்லாமல் தேடுவது. 04565 என்று தொடங்கும் காரைக்குடி எண்ணை அப்படிக் கொடுத்தால் ஒவ்வொரு பதிவையும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். இன்டெக்ஸ் வீணாகிவிடும், முன்னால் உள்ள பூஜ்யமும் கணக்கில் வராது.

சில நாள் மட்டும் மெதுவாக ஓடுகிறது என்று சொன்னீர்கள் அல்லவா, அதற்குப் பூட்டையும் பாருங்கள். யாரோ ஒருவர் ஒரு டிரான்ஸாக்ஷனைத் திறந்து, ‘கமிட்’ செய்யாமல், அதாவது மாற்றத்தை உறுதிசெய்து முடிக்காமல், சாப்பிடப் போயிருப்பார். அதே பதிவைத் திருத்த வருபவர்கள் பின்னால் வரிசையில் நிற்பார்கள். மைஎஸ்கியூஎல்லில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபியில் இந்தக் காத்திருப்பு வழக்கமாக 50 நொடி, பிறகு 1205 என்ற பிழை எண் வரும். அந்த எண்ணைப் பார்த்தால் குவெரியைத் திருத்த உட்காராதீர்கள், திறந்து கிடக்கும் டிரான்ஸாக்ஷனைத் தேடுங்கள்.

நீங்கள் எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிப்பு என்று கேள்வியில் சொல்லவில்லை. அதையும், குவெரியையும், வரவேண்டியும் வராத ஒரே ஒரு பதிவையும் சேர்த்துப் போடுங்கள். வாடிக்கையாளர் பெயரையும் போன் எண்ணையும் மட்டும் மாற்றிவிடுங்கள். ராத்திரி கடை வேலை முடிந்ததும் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.