ஆப்பிரிக்க மருத்துவமனைகளுக்குத் தொண்டு நிறுவனங்கள் செய்யும் உதவியால் உண்மையிலேயே பயன் உண்டா?

அலுவலகத்தில் நாலைந்து பேர் சேர்ந்து பணம் போட்டு, ஆப்பிரிக்காவில் ஒரு ஏழை மாவட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஆக்சிஜன் மெஷின் வாங்கித் தரும் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பலாம் என்று இருக்கிறீர்கள். போய்ச் சேருமா, சேர்ந்தாலும் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆப்பிரிக்கா என்பது ஐம்பத்துச் சொச்சம் நாடு. அத்தனைக்கும் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் பார்த்தது மலாவி மட்டும், அதிலும் தெற்குப் பக்கம். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பயோமெடிக்கல் இன்ஜினியராக இருந்துவிட்டு, 2021 கடைசியிலிருந்து இரண்டு வருடம் அங்கே ஒரு மாவட்ட மருத்துவமனையில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலை. எந்த ஊர், எந்த அமைப்பு அனுப்பியது என்பதைச் சொல்லப்போவதில்லை. கீழே சில குறைகளைச் சொல்லவேண்டியிருக்கிறது, அவர்கள் கெட்டவர்கள் அல்ல.

மலாவி பரப்பில் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சிறியது. மக்கள்தொகை இரண்டு கோடிக்கு மேல். கடல் கிடையாது. மொசாம்பிக்கின் பெய்ரா, நகாலா போன்ற துறைமுகங்களில் இறக்கி, பெரும்பாலும் லாரியில் ஏற்றித்தான் சரக்கு வரவேண்டும். அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். ஆனால் நோயாளிக்குச் சமைத்துப் போட, துணி துவைக்க, இரவில் கூட இருக்க வீட்டிலிருந்து ஒருவர் வந்தாகவேண்டும். ‘கார்டியன்’ என்பார்கள். ஆஸ்பத்திரி வளாகத்தின் ஓரத்தில் விறகு வைத்து, மக்காச்சோள மாவில் ‘ன்சிமா’ கிண்டிக்கொண்டிருக்கும் பெண்கள்தான் காலையில் முதலில் கண்ணில் படுவார்கள். நம் ஊர் ஜி.எச். வாசலில் தூக்குவாளியோடு நிற்கும் கூட்டம் போலத்தான், அங்கே தூக்குவாளிக்குப் பதில் அடுப்பு.

நான் போன முதல் வாரம், கூட வேலை பார்த்த டெக்னீஷியன் பையன் என்னைக் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு ஷெட்டைத் திறந்தான். கண்டெய்னரில் வந்த நன்கொடைகள். குழந்தைகளுக்கான இன்குபேட்டர் மூன்று, தோலில் ஒட்டும் வெப்ப உணரி ஒன்றில்கூட இல்லை. ஆபரேஷன் தியேட்டர் விளக்கு ஒன்று, அதற்கான பல்பு அந்த நாட்டிலேயே கிடைக்காது. சக்‌ஷன் மெஷின்கள் 110 வோல்ட், மலாவியில் 230. யாரோ ஒருவர் ஏற்கெனவே ஒன்றை அப்படியே சொருகிப் பார்த்திருக்கிறார், கருகிய வாடை இன்னும் இருந்தது. “இதையெல்லாம் ஏன் வாங்கிக்கொண்டீர்கள்?” என்றேன். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த கண்டெய்னர் வராதே, அதில் நல்லது ஏதாவது இருக்கலாமே என்றான். அந்தப் பதிலில் எனக்கு மறுபேச்சு இல்லை.

இது அந்த ஷெட்டின் கதை மட்டுமில்லை. ஏழை நாடுகளில் உள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவக் கருவிகளின் கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2011இல் வந்தது. அதில் 38 சதவீதத்துக்கு மேல் வேலை செய்யாமல் கிடந்தன. அத்தனையும் நன்கொடையாக வந்தவை அல்ல. ஆனால் அதே வருடம் உலக சுகாதார நிறுவனம், மருத்துவக் கருவிகளை நன்கொடையாகத் தருவோர் கவனிக்கவேண்டியவை பற்றித் தனியாகவே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மருந்துக்கு 1996லேயே வந்துவிட்டது: போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடமாவது பாக்கி இருக்கவேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. அப்படி எழுதிவைக்கவேண்டி வந்ததிலிருந்தே அதற்கு முன் என்னென்ன போயிருக்கும் என்று யூகித்துக்கொள்ளலாம்.

நீங்கள் ஆக்சிஜன் மெஷின் என்றதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கோவிட் சமயத்தில் நம் வீடுகளுக்கே வந்த அதே கான்சன்ட்ரேட்டர்தான். உள்ளே ஜியோலைட் என்று சிறு மணிகளாக ஒரு பொருள் இருக்கும். காற்றை அழுத்தி அதன் வழியாக விட்டால் நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆக்சிஜனை விட்டுவிடும். சாதாரணக் காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன், நல்ல மெஷினில் 93 அளவுக்கு வரும். 82க்குக் கீழே இறங்கினால் அது உருப்படியான மெஷின் இல்லை.

இந்த மணிகளுக்கு ஈரம் ஆகாது. பின்பக்க ஃபில்டரை வாராவாரம் கழுவாவிட்டால் செம்மண் தூசி அடைத்து கம்ப்ரஸர் சூடேறும். 2022 ஜனவரியில் அனா புயல் வந்து ஷிரே ஆற்றின் கபிச்சிரா நீர்மின் நிலையத்தை உடைத்துப் போட்டது. கிட்டத்தட்ட 130 மெகாவாட். அந்த நாட்டுக்கு அது மலை போன்ற இழப்பு. அதன்பிறகு கரன்ட் எப்போது போகும், திரும்பும்போது எத்தனை வோல்ட்டில் திரும்பும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். ஸ்டெபிலைசர் இல்லாத மெஷின்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.

விழுந்தால்கூடப் பரவாயில்லை. கெட்டுப்போன கான்சன்ட்ரேட்டர் பெரும்பாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதே சத்தம், தண்ணீர்ப் புட்டியில் அதே குமிழி. குழந்தையின் மூக்குக்குப் போவது மட்டும் கிட்டத்தட்ட வெறும் காற்றாக இருக்கும். அலாரம் வேலை செய்யாவிட்டால் ஆக்சிஜன் அளவை அளக்கும் அனலைசர் கையில் இல்லாமல் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாள் அனலைசரை எடுத்துக்கொண்டு குழந்தைகள் வார்டில் இருந்த நாலு மெஷினையும் அளந்து பார்த்தேன். இரண்டு சரி. மற்ற இரண்டில் ஒன்று 58, இன்னொன்று 40 காட்டியது. நன்கொடை தந்தவரின் ஸ்டிக்கர் மட்டும் நாலிலும் பளபளவென்று இருந்தது. எத்தனை மாதமாக அப்படி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அனலைசர் அந்த மருத்துவமனைக்கு வந்ததே என் பெட்டியில்தான்.

அதனால் எல்லாம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். அதே நாட்டில் நேர்மாறானதையும் பார்த்தேன்.

மலாவியின் தெற்கிலுள்ள பெரிய நகரமான பிளாண்டயரில் குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனை இருக்கிறது. 1958இல் திறந்தது, ஆயிரத்துக்கு மேல் படுக்கை, எல்லோரும் ‘குயின்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். (பிளாண்டயர் என்பதே, ஆப்பிரிக்காவில் பயணம் செய்த மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் பிறந்த ஸ்காட்லாந்து ஊரின் பெயர். ஸ்காட்லாந்து அரசு 2005இல் மலாவியோடு ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டதற்கும் அந்தப் பழைய உறவுதான் பின்னணி.) உலகிலேயே குறைப்பிரசவ விகிதம் மிக அதிகம் என்று 2010ஆம் ஆண்டுக்கான கணக்கில் மலாவி முதலிடத்தில் இருந்தது, நூறில் 18 குழந்தை. குறைமாதக் குழந்தையின் நுரையீரல் ஒவ்வொரு மூச்சுக்கும் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் திறந்தே வைக்க மூக்கு வழியாக மெல்லிய, இடைவிடாத அழுத்தம் கொடுக்கவேண்டும். இதற்கு ‘பபிள் சிபாப்’ என்று ஒரு வழி: வெளியேறும் குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் முக்கிவைப்பார்கள். ஆறு சென்டிமீட்டர் முக்கினால் ஆறு சென்டிமீட்டர் தண்ணீர் அளவு அழுத்தம். அவ்வளவு எளிது. ஆனால் கடையில் விற்கும் மெஷின் பல ஆயிரம் டாலர்.

குயின்ஸின் குழந்தை மருத்துவர் எலிசபெத் மாலினோவும் சகாக்களும், அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்து மாணவர்களும் ஆசிரியர்களும் இதில் சேர்ந்து வேலை பார்த்தார்கள். மாணவர்கள் செய்த முதல் மாதிரியில் மீன் தொட்டிக்கு வைக்கும் மோட்டார் இரண்டு, அவற்றை அடைக்க ஒரு பிளாஸ்டிக் ஷூ பெட்டி. பிறகு அது ஒழுங்கான கருவியாகி ‘புமானி’ என்று பெயர் பெற்றது. சிச்சேவா மொழியில் ‘மூச்சு விடு’ என்று அர்த்தம். குயின்ஸின் சாட்டின்கா வார்டில் சோதித்த முடிவு 2014இல் வெளியானது. மூச்சுத் திணறலோடு வந்த பச்சிளங் குழந்தைகளில், சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 44 சதவீதம் பிழைத்தார்கள், இதை வைத்தவர்களில் 71. பின்னர் அரசு மாவட்ட மருத்துவமனைகளுக்கெல்லாம் போயிற்று. நான் இருந்த இடத்திலும் இருந்தது. டெக்னீஷியன் பையன் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பான், ஏனென்றால் அவனுக்கு அதில்தான் முறையான பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

இன்னொரு முடிவையும் சொல்லாமல் விட்டால் நான் விளம்பரம் செய்தவனாகிவிடுவேன். மலாவியிலேயே சலிமா மாவட்ட மருத்துவமனையில், கடும் நிமோனியாவோடு வந்த சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு, ஒரு மாதம் முதல் ஐந்து வயதுக்குள், இதே முறையைச் சோதித்தார்கள். 2019இல் வெளியானது. சாதாரண ஆக்சிஜனில் இறந்தவர்கள் 11 சதவீதம், சிபாப்பில் 17. கூடுதலாக இறந்திருக்கிறார்கள்! அது வேறு வயது, வேறு நோய், தினமும் டாக்டர் வந்து பார்க்காத வார்டு. நம் டாக்டர்களிடம் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. மூக்குக்குழாய் கட்டிய குழந்தைக்கு வயிறு உப்புகிறதா, வாந்தி மூச்சுக்குழலில் போகிறதா என்று இரவு முழுக்கப் பார்க்க ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் நல்ல கருவியும் காலை வாரும். இதை ஆராய்ந்து பாதகமான முடிவையும் வெளியே சொன்னார்களே, அந்த மாதிரிக் கூட்டு அமைப்புகள் மேல்தான் எனக்கு மரியாதை.

ஆள் என்றால் சம்பளம். 2000களின் தொடக்கத்தில் மலாவி நர்சுகள் பிரிட்டனுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். 2004இல் ஓர் அவசரத் திட்டம் போட்டு, பிரிட்டிஷ் அரசும், எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிரான சர்வதேச நிதியமான குளோபல் ஃபண்டும் தந்த பணத்தில் சுகாதார ஊழியர் சம்பளத்தை 52 சதவீதம் உயர்த்தினார்கள், பயிற்சிக் கல்லூரிகளைப் பெரிதாக்கினார்கள். என் கணக்கில் நூறு கண்டெய்னரைவிட இது பெரிய உதவி. ஆனால் சம்பளத்தில் நன்கொடையாளர் பெயரைப் பொறிக்க முடியாது, ரிப்பன் வெட்ட முடியாது. அதனால் அந்த மாதிரி உதவிக்குப் பணம் திரட்டுவது கஷ்டம்.

பெயர்ப்பலகை வைத்ததெல்லாம் மோசம் என்றும் சொல்லமாட்டேன். குயின்ஸ் வளாகத்திலேயே பாடகி மடோனாவின் அறக்கட்டளை கட்டிய குழந்தைகள் அறுவை சிகிச்சைக் கட்டடம் 2017இல் திறந்தது, தன் வளர்ப்பு மகள் மெர்சி ஜேம்ஸ் பெயரில். பல்லாண்டாக அங்கேயே குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்துவந்த எரிக் போர்க்ஸ்டைன் என்ற சர்ஜன் இருந்தார். ஆள் முதலில், கட்டடம் பிறகு.

எனக்கு எரிச்சல் தந்த இன்னொரு விஷயம் ‘அலவன்ஸ்’. ஒவ்வொரு தொண்டு நிறுவனமும் தனித்தனியாகப் பயிற்சி நடத்தும், மங்கோச்சி ஏரிக்கரை ஹோட்டலில், தினப்படியோடு. நர்சின் சம்பளம் சொற்பம், அந்தப் படிக்காக அவர்கள் போவதை நான் குறை சொல்லமாட்டேன், நானாக இருந்தாலும் போவேன். ஒரு வாரம் ‘தாய்-சேய் பாதுகாப்பு’ பயிற்சிக்கு மூன்று நர்சுகள் போய்விட, பிரசவ வார்டில் அந்த வாரம் இரவு முழுக்க ஒரே ஒருவர். பயிற்சியை வார்டிலேயே வந்து நடத்தினால் என்ன என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். அதற்கு பட்ஜெட்டில் தலைப்பு இல்லை என்றார்கள்.

வெல்ஷ் மருத்துவர் எல்ட்ரிட் பாரி 1988இல் தொடங்கிய ‘தெட்’ என்ற பிரிட்டிஷ் அமைப்பு, ஒரு மருத்துவமனையை இன்னொரு மருத்துவமனையோடு பல வருடத்துக்கு இணைத்துவைக்கும் முறையை வளர்த்தது. என்ன வேண்டும் என்பதை அங்கே இருப்பவர்தான் சொல்லவேண்டும் என்பது அதன் அடிப்படை. நமக்குப் பழக்கமான உதாரணம் மதுரையிலேயே இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையின் ‘லைகோ’ பயிற்சி நிலையம் 1992 முதல் ஆப்பிரிக்கா உட்பட வெளிநாட்டுக் கண் மருத்துவமனைகளோடு வேலை செய்கிறது. டாக்டருக்கு மட்டுமல்ல, நிர்வாகிக்கும் கருவி பராமரிக்கும் ஆளுக்கும் பயிற்சி உண்டு. கருவி பராமரிப்பவரைக் கணக்கில் சேர்த்தார்கள் என்பதற்காகவே என் ஓட்டு அவர்களுக்கு. (சொந்தத் தொழில் பாசம், மன்னிக்கவும்.)

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன் அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, முன்பு கொடுத்த மெஷின்களில் இன்று எத்தனை ஓடுகின்றன என்று கேளுங்கள். எண்ணிக்கை தெரிந்தவர்கள் உடனே சொல்வார்கள், ‘இத்தனை பழுது’ என்பதையும் சேர்த்து. புகைப்படம் மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள். ஸ்டெபிலைசர், ஃபில்டர், அனலைசர், உள்ளூர் டெக்னீஷியனின் சம்பளம் இதற்கெல்லாம் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பத்து மெஷினுக்குப் பதில் ஆறு மெஷினும் மூன்று வருடப் பராமரிப்பும் என்று ஒரு திட்டம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதற்குக் கொடுங்கள். பழைய மெஷினை இங்கிருந்து கப்பலில் அனுப்பும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

வெளிநாட்டில் பதிவான அமைப்புக்கு இங்கிருந்து அனுப்பினால் 80ஜி வரிவிலக்கு கிடைக்காது, வங்கி வழியாக, தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தில்தான் அனுப்ப முடியும். அலுவலகத்தில் பணம் திரட்டும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பையன் இன்னும் வாட்ஸாப்பில் இருக்கிறான், என்னை ‘அச்சிமுவேனே’ என்பான், அண்ணன் தம்பி மாதிரி. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, பக்கத்துத் திட்டங்களில் இருந்த அவன் நண்பர்களுக்கு ஒரே வாரத்தில் வேலை போயிற்று. இவன் அரசு ஊழியன், தப்பித்தான். போன மாதம் ஆட்டோகிளேவ் (ஆபரேஷன் கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் மெஷின்) கதவின் ரப்பர் கேஸ்கெட்டை அளவெடுத்துப் படம் அனுப்பி, கோவையில் கிடைக்குமா என்றான். காந்திபுரத்தில் இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டேன். நாளை மூன்றாவது கடை.