ஜமைக்கா கேக் யாருடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டொரண்டோவில் மகன் வீட்டில் சில மாதங்களாக இருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஒரு ஜமைக்கா குடும்பம். கிறிஸ்துமஸுக்கு அந்த அம்மா கறுப்பாக ஒரு கேக்கும், ரத்தச் சிவப்பில் ஒரு பானமும் கொடுத்தனுப்பினார். கேக்கில் ரம் வாடை ஆளைத் தூக்கியது. "பாட்டி காலத்திலிருந்து எங்கள் குடும்ப வழக்கம்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கோ நெருடலாக இருந்தது. கேக் வெள்ளைக்காரனுடையது. சர்க்கரையும் ரம்மும் இவர்களுடைய முன்னோர்களை அடிமைகளாக்கி வதைத்த தோட்டங்களில் விளைந்தவை. எஜமான் விட்டுப்போனதை மரபு என்று கொண்டாடலாமா? இன்னொன்று: அந்தப் பானத்தையும் கேக்கையும் எட்டு வயதுப் பேரனுக்குக் கொடுக்கலாமா?

ஆர்., நாகர்கோவில்

அன்புள்ள ஆர்.,

முதல் கேள்வியை அந்த அம்மாவிடமே கேட்காமல் விட்டீர்களே, நல்ல காரியம்.

கேக்கின் பூர்வீகம் இங்கிலாந்தின் பிளம் புட்டிங் என்பதில் வாதமே இல்லை. ஆனால் அங்கே அது வேகவைக்கிற பண்டம், பழங்கள் முழுசாகக் கண்ணில் படும். ஜமைக்காவில் உலர்திராட்சை, புரூன், செர்ரி எல்லாவற்றையும் அரைத்தோ பொடியாகக் கொத்தியோ ரெட் லேபிள் என்ற உள்ளூர் ஒயினிலும் வெள்ளை ரம்மிலும் ஊறப்போடுவார்கள். ரே அண்ட் நெஃப்யூ என்ற அந்த ரம்மில் ஆல்கஹால் 63 சதவீதம். உங்கள் மூக்கு பொய் சொல்லவில்லை. பழம் மாதக்கணக்கில் ஊறும். இந்தக் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அடுத்த வருஷத்துக்கு ஜாடியை நிரப்பிவிடும் வீடுகளும் உண்டு. நம் வீடுகளில் ஊறுகாய் ஜாடிக்கு இருக்கும் மரியாதை அதற்கும் உண்டு, கண்டவர்கள் கை வைக்க முடியாது.

அப்புறம் அந்தக் கறுப்பு. சர்க்கரையை அடுப்பில் வைத்துக் கருக்கி எடுப்பதை அவர்கள் பிரவுனிங் என்கிறார்கள். கொஞ்சம் முந்தினால் நிறம் வராது, கொஞ்சம் பிந்தினால் கேக் முழுக்கக் கசக்கும். இப்போது பாட்டிலில் விற்கிறார்கள், பாட்டிகள் அதை மதிப்பதில்லை. வெண்ணெயும் சர்க்கரையும் நறநறப்பு போகும்வரை மரக்கரண்டியால் குழைக்க வேண்டும். முட்டை வாடைக்கு எலுமிச்சைத் தோல். அந்தக் காலத்தில் ஓவன் ஏது? கனமான இரும்புச் சட்டியைக் கரி அடுப்பில் ஏற்றி, மூடிமேலும் தணல் கொட்டிச் சுட்டெடுத்தார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கு புட்டிங்கை இப்படிச் சுடுவதைப் பற்றி அங்கே ஒரு பழமொழி உண்டு: மேலே நரகம், கீழே நரகம், நடுவிலே அல்லேலூயா.

சரி, உங்கள் நெருடலுக்கு வருகிறேன். ரம் எஜமான் விட்டுப்போனது என்கிறீர்கள். எஜமான் என்றைக்கு ரம் காய்ச்சினான்? கரும்பு வெட்டியது, ஆலையில் பிழிந்தது, கொப்பரை முன்னால் வெந்தது, கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடித்தது எல்லாம் அடிமைகள். விற்ற காசு மட்டும்தான் அவனுடையது. கொள்ளுப்பேத்தி அதே சர்க்கரையைத் தன் வீட்டு அடுப்பில், தன் பிள்ளைகளுக்காகக் கருக்குகிறாள். இதை எஜமான் வீட்டு எச்சில் என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

கிறிஸ்துமஸுக்கும் அங்கே வேறொரு வரலாறு உண்டு. தோட்ட அடிமைகளுக்கு வருஷத்தில் சேர்ந்தாற்போல் சில நாள் ஓய்வு கிடைத்தது அப்போதுதான். ஒன்றுகூடிப் பேச முடிந்ததும் அப்போதுதான். 1831 கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் கூலி தந்தால்தான் வேலை என்று மறுப்பதாகத் திட்டமிட்டவர் சாம் ஷார்ப், பாப்டிஸ்ட் சபையில் ஊழியம் செய்த ஓர் அடிமை. டிசம்பர் 27 இரவு கென்சிங்டன் தோட்டம் எரிந்தது, வேலைநிறுத்தம் கிளர்ச்சியானது. அடக்கியபின் முந்நூறுக்கும் அதிகமானோருக்கு மரண தண்டனை. ஷார்ப்பை 1832 மே 23-ல் மாண்டிகோ பே நகரில் தூக்கிலிட்டார்கள். அடுத்த வருஷமே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. முழு விடுதலைக்கு 1838 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பண்டிகையை அவர்கள் வெள்ளைக்காரனுக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா என்ன?

சிவப்புப் பானம் விஷயத்தில் உங்கள் கேள்விக்கு இடமே இல்லை. அதன் பெயர் சாரல் (sorrel), மேற்கு ஆப்பிரிக்கா வழியாக வந்தது. செனகலில் இன்றும் பிஸாப் என்று குடிக்கிறார்கள். செடி வேறு யாருமல்ல, ஆந்திராவின் கோங்குராதான். நாம் இலையைத் தின்கிறோம், அவர்கள் பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றித் தடிக்கும் சிவப்புப் புல்லிதழ்களை எடுக்கிறார்கள். அது டிசம்பரை ஒட்டி முற்றுவதால் கிறிஸ்துமஸ் பானமாயிற்று. இஞ்சியைத் தட்டிப் போட்டு, கிராம்பும் பிமென்டோவும் சேர்த்துக் கொதிநீர் ஊற்றி மூடி, இரவு முழுக்க ஊறவிட்டு வடிகட்டிச் சர்க்கரை போடுகிறார்கள். பிமென்டோ என்றால் ஆல்ஸ்பைஸ், ஜமைக்காவின் சொந்த மரம். அவர்கள் பண்டிகைச் சோற்றிலும் ஒரு தெரிந்த முகம் இருக்கும்: தேங்காய்ப்பாலில் பச்சைத் துவரை போட்டு வடிப்பார்கள். மற்ற ஞாயிறுகளில் ராஜ்மா. இந்தியாவில் பிறந்த துவரை ஆப்பிரிக்கா போய், அடிமை வணிகத்தோடு கடல் தாண்டியது.

இனி பேரன். சாரலை ரம் கலந்தும் கலக்காமலும் செய்வார்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தனியாக ஒரு பாட்டில் வைப்பதும் சகஜம். எது வந்திருக்கிறது என்று கேட்டுவிடுங்கள், தப்பாக நினைக்கமாட்டார். கேக்கைப் பொறுத்தவரை, வெந்து இறக்கிய பிறகும் மேலே ரம் ஊற்றுகிறார்கள், அது ஆவியாகிப் போவதில்லை. பையனுக்கு வேண்டாம். அவன் பங்கையும் நீங்களே சாப்பிடுங்கள்.