பிராக்டிஸா, ஆராய்ச்சியா?

கேள்வி: எம்.எஸ். ஈ.என்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காது அறுவை சிகிச்சையில்தான் ஆர்வம். கூடவே ஆராய்ச்சியும் செய்யும் பேராசிரியராக வர ஆசை. "ரெண்டு படகுல கால் வைக்காதே, ஆராய்ச்சிக்குப் போனா கை மழுங்கிடும்" என்கிறார் சீனியர். இரண்டும் முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: சீனியர் சொல்வதில் பாதி சரி. கை பழகும் வயதைத் தவறவிட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம். அதனால் முதலில் கை.

நடுக்காதின் மிகச் சிறிய எலும்பான அங்கவடியின் (ஸ்டேப்பிஸ்) உயரம் 3 மி.மீ.யைச் சற்றே தாண்டும். எடை சுமார் 3 மில்லிகிராம். அதன் அடித்தட்டில் 0.8 மி.மீ. துளையிட்டு ஒலியைக் கடத்தும் 0.6 மி.மீ. செயற்கை பிஸ்டனை நிறுத்தும் வேலையை நோயாளியின் காதில் வைத்தா பழகுவது? இறந்தவர்களின் காதெலும்பில் பழகும் டெம்போரல் போன் லேபில் வாரம் ஒரு எலும்பாவது டிரில் செய்யுங்கள். புதியவர்கள் செய்யும் முதல் தப்பு, கிணறு வெட்டுவதுபோல் குறுகலாக ஆழம் போவது. குளம் வெட்டுவதுபோல் அகலமாக இறங்க வேண்டும். மேலே மூளைக்கு அடியிலுள்ள டெக்மென், பின்னால் பெரிய ரத்தநாளமான சிக்மாய்டு சைனஸ், முன்னால் காதுக்குழாயின் பின்சுவர். மூன்றின் மேலும் மெல்லிய எலும்புத் தகடு மட்டும் மிஞ்சும்படி கொண்டுவந்தால் காதுக்குப் பின்னெலும்பின் உள்ளறையான ஆண்ட்ரம் தானாகத் திறக்கும். அதன் உள்சுவரில் வழுவழுப்பான கெட்டி எலும்பாகத் தெரிவது, உடல் சமநிலைக்கான லேட்டரல் செமிசர்குலர் கனால். அதைப் பார்க்காமல் முகநரம்பைத் தேடவே கூடாது. நரம்பை நெருங்கியதும் மெதுவாக அரைக்கும் டயமண்ட் பர் (டிரில் முனை), நரம்பு ஓடும் திசையிலேயே கை, விடாமல் தண்ணீர். தண்ணீர் குறைந்தால் வெட்டாமலே சூட்டில் நரம்பு கெடும்.

லேபில் தெரியவே தெரியாத தப்பு ஒன்று உண்டு. நடுக்காதின் மூன்று குட்டி எலும்புகளின் சங்கிலி அறுபடாத காதில், சுழலும் பர் நடு எலும்பான பட்டடையை உரசினால் அதிர்வு நேரே உள்காதின் கேட்கும் உறுப்பான காக்ளியாவுக்குப் போய், மீளாத செவித்திறன் இழப்பில் முடியலாம். செத்த எலும்பு இதைச் சொல்லாது. ஒவ்வொரு முறை முடித்ததும் பட்டடையில் கீறல் விழுந்திருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்.

இரண்டு படகு விஷயத்துக்கு ஆஸ்திரேலியாவின் காது சர்ஜன் கிரேம் கிளார்க் நல்ல பதில். மெல்போர்னில் நடந்துகொண்டிருந்த பிராக்டிஸை விட்டுவிட்டு, சிட்னி பல்கலைக்கழகத்தில் பூனைகளின் செவிநரம்புப் பாதையை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்து 1969இல் பிஎச்.டி. முடித்தார். ஒரே மின்முனையில் துடிப்பின் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் நரம்பு செல்கள் ஓரளவுக்கு மேல் ஈடுகொடுப்பதில்லை, எனவே காக்ளியாவின் பல இடங்களைத் தனித்தனியே தூண்ட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் சுருண்ட காக்ளியாவுக்குள் மின்முனைக் கம்பியை நுழைப்பது எப்படி? 1977இல் ஒரு கடற்கரையில் சங்குக்குள் புல் இதழை நுழைத்துப் பார்த்தார். நுனி வளைந்துகொடுத்தும் அடி விறைப்பாகவும் இருந்த புல் சுருளுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. மறு ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று அவருடைய குழு தன் முதல் பல்முனை காக்ளியர் இம்ப்ளாண்டை (செவிநரம்பை மின்சாரத்தால் தூண்டிக் கேட்க வைக்கும் கருவி) பொருத்தியது. அறுவை செய்யும் கைக்குத்தான் அந்தப் புல் கண்ணில் படும் என்பது என் எண்ணம்.

உங்களுக்கு இப்போதைக்குப் பூனையும் வேண்டாம், புல்லும் வேண்டாம். கையில் இருக்கும் தீசிஸை ஒழுங்காகச் செய்தால் போதும். டிம்பனோபிளாஸ்டி (செவிப்பறையைச் சரிசெய்யும் அறுவை) முடிவுகளை எழுதுகிறவர்கள், அறுவைக்குப் பிந்தைய ஏர் அளவிலிருந்து (காற்றுவழிக் கேட்பு) அறுவைக்கு முந்தைய போன் அளவை (எலும்புவழிக் கேட்பு) கழித்து இடைவெளி காட்டுவதைப் பார்க்கலாம். அது தவறு. இரண்டும் அறுவைக்குப் பிந்தைய அளவாகவே இருக்க வேண்டும். 500, 1000, 2000, 3000 ஹெர்ட்ஸ் நான்கின் சராசரி. அதுவும் போதாது. உள்காது அடிபட்டு போன் அளவும் இறங்கியிருந்தால், காது மோசமான பிறகும் இடைவெளி மட்டும் அழகாக மூடித் தெரியும். ஆகவே 1000, 2000, 4000 ஹெர்ட்ஸில் போன் அளவின் மாற்றத்தைத் தனியாக எழுதுங்கள். கெட்ட செய்தி அங்கேதான் இருக்கும்.

அடுத்த பள்ளம், ஃபாலோ-அப். காது காய்ந்தவர் திரும்பி வரமாட்டார், சீழ் நிற்காதவர் வேறு டாக்டரிடம் போய்விடுவார். நடுவில் வந்தவர்களை மட்டும் வைத்துச் சொல்லும் சதவீதத்துக்கு மதிப்பில்லை. அட்மிஷன் அன்றே இரண்டு தொலைபேசி நம்பர் வாங்குங்கள், ஒன்று வீட்டில் வேறொருவருடையது. இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும் டிரயல் என்றால் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி மட்டும் போதாது; முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ டிரயல் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு செய்துவிடுங்கள். 2018 ஏப்ரல் முதல் பின்தேதிப் பதிவு கிடையாது.

"கை மழுங்கிடும்" என்ற பயத்துக்கு இன்னொரு பதில் ஷாங்காயில் இருக்கிறது. ஓட்டோஃபெர்லின் புரதம் இல்லாமல் பிறவியிலேயே கேளாத 6 குழந்தைகளுக்கு ஜீன் சிகிச்சை கொடுத்ததில் 5 பேருக்குச் செவித்திறன் வந்ததாக 2024 ஜனவரியில் அறிக்கை வெளியானது. ஜீன் பெரியது, அதைச் சுமந்து செல்லும் ஒரு வைரஸுக்குள் அடங்காது என்பதால் இரண்டாகப் பிரித்து அனுப்பினார்கள். மருந்து போன வழி, காக்ளியாவின் சவ்வு மூடிய சிறு ஜன்னலான ரவுண்ட் விண்டோ. ஜீன் சிகிச்சை என்றாலும் அந்த ஜன்னல் வரை போய்ச் சேரக் காது சர்ஜனின் கை வேண்டும்.

பணத்தையும் பேசிவிடுவோம். தினமும் சாயங்காலம் கிளினிக் போட்டால் ஆராய்ச்சி நடக்காது. வாரத்தில் இரண்டு சாயங்காலத்தையாவது விட்டுக்கொடுங்கள், அதற்கான வருமானம் குறையும் என்று வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். பிஎச்.டி.யை எம்.எஸ். முடித்த கையோடு போடாமல், மூன்று நான்கு வருடம் காதறுவை செய்து உங்களை உறுத்தும் கேள்வி கிடைத்த பிறகு போடலாம். அரசுக் காப்பீட்டில் இம்ப்ளாண்ட் பொருத்திய குழந்தைகளில் யார் பேச்சுப் பயிற்சியைப் பாதியில் விடுகிறார்கள், பஸ் செலவா, அம்மாவின் கூலி வேலையா? இதற்கு லேப் வேண்டாம். உங்கள் ஆஸ்பத்திரி ஆடியாலஜிஸ்டின் வருகைப் பதிவேட்டை ஒரு நாள் உட்கார்ந்து புரட்டினால் தொடங்கிவிடலாம்.