கிழக்கு வாசலும் மேற்கு வெயிலும்: அரிசோனாவில் வீடு கட்டும் முன்

கேள்வி: நியூ ஜெர்சியில் 11 ஆண்டுகளாக இருக்கிறோம். கணவருக்கு அரிசோனாவின் சாண்ட்லரில் வேலை கிடைத்திருக்கிறது. ஏப்ரலில் கிளம்புகிறோம். அங்கே கிழக்குப் பார்த்த மனை ஒன்றில் பில்டர் மூலம் புது வீடு கட்ட முன்பணம் தரப்போகிறோம். இங்கிருந்தபடியே கட்டுமானத்தைக் கவனித்துக்கொள்ள முடியுமா? சர்க்கரை உள்ள என் மாமனாரும் எங்களோடு வருகிறார். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: முன்பணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். ஏப்ரலில் போய் முதலில் வாடகை வீட்டில் இறங்குங்கள். ஜூனில் ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு அந்த மனையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போட்டாலும் எதுவும் கெட்டுப்போகாது. கட்டுமானமும் மழைக்காலப் புழுதிக் காற்று ஓய்ந்த பிறகு, குளிர்ந்த மாதங்களில் நடக்கும்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் நீங்கள் சொன்ன கிழக்குதான். வாசல் கிழக்கே என்றால் வீட்டின் பின்பக்கம் மேற்கே. அமெரிக்க பில்டர்களின் வரைபடத்தில் முன்பக்கம் பெரும்பாலும் கராஜும் சின்ன ஜன்னல்களும்தான் இருக்கும். ஹால், சமையலறை, பெரிய கண்ணாடிக் கதவு, பல நேரம் பெரிய படுக்கையறையும் பின்பக்கம் வந்துவிடும். அப்படியென்றால் வீட்டின் கண்ணாடியெல்லாம் மேற்கு வெயிலுக்கு நேராக நிற்கும். 2023 கோடையில் சாண்ட்லரை ஒட்டிய பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் (43 செல்சியஸ்) குறையவில்லை. 2024இல் 100 டிகிரியும் அதற்கு மேலுமாக 113 நாள் விடாமல் காய்ந்தது.

தெற்குச் சுவரைக் காப்பது எளிது. ஜூனில் நண்பகல் சூரியன் அங்கே ஏறக்குறைய உச்சந்தலைக்கு வந்துவிடும். இரண்டு மூன்று அடி கூரை நீட்டினாலே ஜன்னலுக்கு நிழல் கிடைக்கும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகப் போவதால் அதே ஜன்னல் வழியே இதமான வெயில் உள்ளே வரும். மேற்கு வெயில் அப்படியல்ல, படுத்த வாக்கில் நேரே ஜன்னலுக்குள் வரும். அதே இரண்டு மூன்று அடி கூரை மாலை ஐந்து மணிக்குப் போதாது. அதனால் வடக்குப் பார்த்த மனை கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வாஸ்துப்படி வடக்கும் குபேர திசை, வீட்டுப் பெரியவர்களுக்கும் மனக்குறை இருக்காது. பேக்யார்டும் தெற்கே வந்துவிடும்.

கிழக்குதான் வேண்டும் என்று முடிவானால் மேற்குச் சுவரில் கண்ணாடியைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆழமான பேட்டியோவும் (கூரை போட்ட பின் திண்ணை), கண்ணாடிக்கு வெளியே இறக்கிவிடும் திரையும் கேளுங்கள். உள்ளே போடும் திரையால் பெரிய பலனில்லை. வெப்பம் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தது வந்ததுதான். ஜன்னல் ஸ்டிக்கரில் எஸ்.எச்.ஜி.சி. என்று ஓர் எண் இருக்கும், வெயிலின் வெப்பத்தில் எவ்வளவு உள்ளே வரும் என்பதைச் சொல்வது. அது 0.25ஐத் தாண்டக் கூடாது.

அடுத்தது ஏசி. அங்கே பல வீடுகளில் ஏசி டக்ட், அதாவது குளிர்காற்றுக் குழாய், கூரைக்கு அடியில் உள்ள அட்டிக் வழியாகத்தான் ஓடும். கோடையில் அட்டிக்குக்குள் 140 டிகிரியும் அதற்கு மேலும் போகும். குளிர்ந்த காற்றை அந்த அடுப்புக்குள் ஓடவிட்டுவிட்டு மின்கட்டணத்தைப் பார்த்துக் கவலைப்படுவதில் பயனில்லை. கூரைப் பலகையின் அடியிலேயே ஃபோம் இன்சுலேஷன் அடித்து அட்டிக்கை மூடித் தர முடியுமா என்று பில்டரிடம் கேளுங்கள். ஒரே பெரிய ஏசிக்குப் பதில் இரண்டு தனித்தனி யூனிட் போடுங்கள். ஜூலையில் ஒன்று பழுதானாலும் மாமனார் படுக்க ஒரு குளிர்ந்த அறை இருக்க வேண்டும். இதில் மட்டும் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

நியூ ஜெர்சிபோல பேஸ்மென்ட் எதிர்பார்க்காதீர்கள். பல இடங்களில் கலீச்சே என்ற சுண்ணாம்புப் பாறை அடுக்கு மண்ணுக்குள் சிமென்ட் போல இறுகிக் கிடக்கும். அடித்தளம் பெரும்பாலும் போஸ்ட் டென்ஷன் ஸ்லாப், அதாவது இழுத்துக் கட்டிய எஃகுக் கேபிள்கள் உள்ளே ஓடும் கான்கிரீட் தளம். கேபிள் அறுந்தால் ஆபத்து என்பதால் பின்னால் நினைத்தபடி அதை வெட்ட முடியாது. தாளிப்புக்குத் தனியாக ஸ்பைஸ் கிச்சன், கூடுதல் சிங்க் என்று ஆசை இருந்தால் குழாய் எங்கே வரும் என்பதைக் கான்கிரீட் ஊற்றும் முன்பே முடிவு செய்யுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கிறது. ஆனால் எல்லா மனைக்கும் அல்ல. பீனிக்ஸ் சுற்று வட்டாரத்தில் ஆறு அல்லது அதற்கு மேல் மனைகளாகப் பிரித்து விற்றால், 100 ஆண்டுக்குத் தண்ணீர் உண்டு என்று காட்ட வேண்டும். 2023 ஜூனில், நிலத்தடி நீரை மட்டும் காட்டிக் கேட்ட புதிய சான்றுகளை மாநிலம் நிறுத்தியது. சாண்ட்லர் நகர எல்லைக்குள் நகராட்சிக் குழாய் இருந்தால் கவலை குறைவு. விலை மலிவென்று ஊருக்கு வெளியே ஐந்து அல்லது அதற்கும் குறைவான மனைகளாகப் பிரித்த நிலத்தைப் பார்த்தால்தான் உஷார், அதற்கு இந்த 100 ஆண்டு நிபந்தனை கிடையாது. ஸ்காட்ஸ்டேல் அருகே ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸில், 2023 ஜனவரி 1 முதல் அந்த நகரம் லாரித் தண்ணீரை நிறுத்தியதும் பல நூறு வீடுகள் தவித்தன. மனையோடு தரும் பப்ளிக் ரிப்போர்ட் என்ற விவர அறிக்கையில் தண்ணீர், வெள்ளம் பற்றிய பக்கங்களை வரிவரியாகப் படியுங்கள். வறண்டு கிடக்கும் ஓடை பக்கத்தில் இருந்தால் ஜூலை மழையில் அது ஆறாகும்.

இங்கிருந்தபடியே கவனிக்க முடியுமா என்றால், போட்டோவை நம்பி முடியாது. நீங்கள் அங்கே போன பிறகும் பில்டருக்குச் சம்பந்தமில்லாத இன்ஸ்பெக்டர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் ஊற்றும் முன், உள்சுவர்ப் பலகையான டிரைவால் அடைக்கும் முன், சாவி வாங்கும் முன் என்று மூன்று முறை அவர் பார்க்க வேண்டும். ஓராண்டு உத்தரவாதம் முடிவதற்குள், பதினோராம் மாதம் இன்னொரு முறை வரச் சொல்லுங்கள். பில்டரின் உரிமத்தையும் அவர்மேல் உள்ள புகார்களையும் அரிசோனா ரிஜிஸ்ட்ரார் ஆஃப் கான்ட்ராக்டர்ஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

கடன் பற்றி ஒரு வார்த்தை. வட்டி விகிதத்தை மாறாமல் பிடித்து வைக்கும் ரேட் லாக் வழக்கமாக 30 முதல் 60 நாள்தான், வீடு முடியப் பல மாதம் ஆகும். நீண்ட லாக்குக்கு என்ன கட்டணம் என்று முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். வீடு உங்கள் பேருக்கு மாறும் குளோசிங்குக்குச் சற்று முன் வங்கி வேலையைத் திரும்பவும் சரிபார்க்கும். அதுவரை கணவர் வேறு வேலைக்குத் தாவ வேண்டாம்.

மாமனாருக்காக ஒன்று. அந்த மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை புழுதியோடு நுரையீரலுக்குப் போனால் வேலி ஃபீவர் வரும். பெரும்பாலோருக்கு அது அறிகுறியே இல்லாமலோ சளிக்காய்ச்சல் போலவோ வந்து போய்விடும், சர்க்கரை உள்ளவர்களையும் வயதானவர்களையும் கடுமையாகத் தாக்கலாம். மனையில் மண் தோண்டும் நாட்களிலும் புழுதிக் காற்று அடிக்கும் நாட்களிலும் அவரை அங்கே அழைத்துப் போகாதீர்கள். இருமலோ களைப்போ ஒரு வாரம் தாண்டி நின்றால், வேலி ஃபீவர் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள்.