கம்பெனி கட்டிய டவுன்ஷிப் மாதிரி ஒரு செயற்கையான ஊரில் அக்கம்பக்க உறவு, ஊர் வாழ்க்கை எல்லாம் உண்மையிலேயே இருக்குமா?

இருக்கும். நிலக்கரி கம்பெனி கட்டிய நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து இருபத்தேழு வயது வரை அங்கேயே இருந்தவள் என்ற ஒரே தகுதியில் சொல்கிறேன்.

கேள்வி கேட்ட விதத்தைப் பார்த்தால், உங்கள் வீட்டில் யாருக்கோ ஒரு டவுன்ஷிப்பில் வேலை கிடைத்திருக்கிறது, "அந்தக் காலனியில் போய் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவது" என்று பேச்சு நடக்கிறது என்று நினைக்கிறேன். தவறென்றால் மன்னிக்கவும். ஆனால் கேள்வியில் "செயற்கையான ஊர்" என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் என்னை எழுத வைத்தது. 1990-ல் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்கள். "சொந்த ஊர் எது?" என்று கேட்டார்கள். அப்பா "நெய்வேலி" என்றார். "அது வேலை பார்க்கிற இடம் சார், ஊரைக் கேட்டோம்" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா. அவர் கேட்டது ஊரை இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். ஊர்ப் பெயரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள், தெருவைச் சொன்னால் மிச்சம் தானாகத் தெரிந்துவிடும். எங்கள் தெருவைச் சொல்லி ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் அவருக்குச் சிக்கல்.

ஏனென்றால் அங்கே வீடு கிடைத்தது பதவியையும் பணிமூப்பையும் வைத்து. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து 1964-ல் வேலைக்கு வந்த என் அப்பாவுக்கு இடது பக்கம் திருநெல்வேலிக் குடும்பம், எதிரே பாலக்காட்டுக்காரர், தெருக்கோடியில் ஜான் அங்கிள் என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு வெல்டர். யாரும் யாரையும் பார்த்துப் பக்கத்து வீட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. "அப்போ சாதியே இல்லையா" என்று யாராவது பாய்ந்து வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: இருந்தது. கல்யாணத்தில் இருந்தது, சங்கங்களில் இருந்தது, சில வீட்டு அடுப்படியிலும் இருந்தது. தெருவில் மட்டும் அதற்கு இடம் ஒதுக்கவில்லை. அப்புறம் சாதிக்குப் பதிலாகக் குவார்ட்டர்ஸ் டைப் வந்து உட்கார்ந்துகொண்டது. எத்தனை அறை என்று கேட்டால் அப்பாவின் பதவி தெரிந்துவிடும். பெரிய குவார்ட்டர்ஸ் பிள்ளைகளின் பிறந்த நாளுக்கு எங்களுக்கு அழைப்பு வந்ததில்லை.

ஊரின் கதை சுருக்கமாக. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணற்றுக்குத் துளையிட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் ஆரம்பித்து, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. கூடவே குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டாற்போல ஒரு நகரம். பிளாக் என்பதைத் தமிழில் வட்டம் என்று எழுதினார்கள். எல்லாமே சதுரமாக இருக்கிற ஊரில் முகவரி மட்டும் வட்டம்! சிறு வயதில் எனக்கு அது புரிந்ததே இல்லை.

நிலம் கொடுத்த கிராமங்களின் கதை தனி. வேலைக்காகவும் இழப்பீட்டுக்காகவும் அவர்கள் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. நாங்கள் விளையாடிய மண் யாரோ முந்திரி வைத்திருந்த மண் என்பது அந்த வயதில் தெரியவில்லை. வேலுடையான்பட்டு முருகன் கோயில் டவுன்ஷிப்புக்கு முன்பிருந்தே இருப்பது. பங்குனி உத்திரத்துக்குச் சுற்றுக் கிராமத்து ஜனம் காவடியோடு வந்து இறங்கும்போது, அன்றைக்கு நாங்கள்தான் விருந்தாளிகள் என்று அம்மா சொல்வார். ஆகவே, கம்பெனிக்கு விளம்பரம் செய்கிறாள் என்று வராதீர்கள்.

சரி, உறவு எங்கிருந்து வந்தது? கிளப், மைதானம், நூலகம் எல்லாம் இருந்தன. ஆனால் என்னைக் கேட்டால் ஷிஃப்ட்தான் காரணம். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. ராத்திரி பகல் பம்ப் போட்டு இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு பொங்கிவிடும் என்பார் அப்பா. மேலே ஜெர்மன் இயந்திரம், வாளிகள் கட்டிய ராட்சதச் சக்கரம், மண்ணை அள்ளிக்கொண்டே இருக்கும். தீபாவளி, பொங்கல் எதற்கும் நிற்காது. அதனால் எந்த நேரத்திலும் தெருவில் பாதி ஆண்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், பாதிப்பேர் வேலையில் இருப்பார்கள். எந்த வீட்டில் நைட் ஷிஃப்ட் என்பது எல்லாக் குழந்தைக்கும் மனப்பாடம். அந்த வீட்டு வாசலில் பம்பரம்கூட விடமாட்டோம். பாம்பு வந்தாலும் காய்ச்சல் வந்தாலும், அப்போது யார் வீட்டில் ஆண் இருக்கிறாரோ அவர் எல்லா வீட்டுக்கும் ஆண். இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

1979 மே மாதம். எனக்குப் பதின்மூன்று வயது. திருநெல்வேலி வீட்டுப் பாட்டி ராத்திரி தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் பிள்ளை, எங்களுக்கு மாமா, நைட் ஷிஃப்ட்டில் இருந்தார். அத்தை வந்து எங்கள் கதவைத்தான் தட்டினார். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு மாமாவுக்குச் சொல்லி அனுப்பப் போனார், பாலக்காட்டுக்காரர் தந்தி கொடுக்கப் போனார். அம்மா அந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரையும் எங்கள் பாயில் கொண்டுவந்து படுக்க வைத்தார். கொல்லையில் லெகோ அடுப்பைப் பற்ற வைத்தார். லெகோ என்பது நெய்வேலிக் கரியைப் பதப்படுத்திச் செய்த கட்டி, அன்றைக்குப் பல வீடுகளில் அதுதான் எரிபொருள். பிடிக்க நேரமாகும், பிடித்தால் விடாது. விடிகிற வரை அந்த அடுப்பில் காபிக்கு வெந்நீர் கொதித்துக்கொண்டே இருந்தது.

உறவுக்காரர்கள் ரயிலேறி, விருத்தாசலத்தில் இறங்கி, பஸ் பிடித்து வர வேண்டும். அக்னி நட்சத்திர வெயில். மத்தியானத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று ஆகிவிட்டது. மாமா ஒரே பிள்ளை. கொள்ளிச்சட்டி அவர் கையில், தோள் கொடுக்க யார்? அப்பா, பாலக்காட்டுக்காரர், ஜான் அங்கிள், பின்தெருவிலிருந்து இன்னொருவர், அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. மூன்று பேருக்கு அன்று ரெண்டாம் ஷிஃப்ட். பாட்டியை எடுத்துவிட்டு, குளித்து, ஈரத் தலையோடு ஓடிப் போய் பஸ் ஏறினார்கள்.

சாயங்காலம் திருநெல்வேலியிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அழுது ஓய்ந்ததும் ஒரு பெரியவர் மாமாவைத் திண்ணைப் பக்கம் கூப்பிட்டு, "யார் யார் தூக்கினது?" என்று மெதுவாகக் கேட்டார். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன், அதனால் காதில் விழுந்தது. மாமா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "ரெண்டாம் ஷிஃப்ட் ஆளுங்க" என்றார். பெரியவருக்கு அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

இதை ஏதோ புரட்சி என்று நான் சொல்லவில்லை. மாமா தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அந்தப் பெரியவரிடம்தான் போய் நின்றார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது நான் இருப்பது சென்னையில் ஒரு அடுக்குமாடியில். சொந்த வீடு, பத்திரம் என் பெயரில். எதிர் ஃபிளாட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அமேசான் பார்சல் மாறி வந்தபோதுதான் தெரிந்தது. போன மாதம் பால்கனியில் துணி காயப்போட்டேன் என்று சங்கச் செயலாளர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கட்டடத்தின் தோற்றம் கெடுகிறதாம். போட்டோவில் என் உள்பாவாடை! நூற்று இருபது குடும்பம் பார்க்கிறது. அதற்குப் பன்னிரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். யாரும் பயன்படுத்தாத ஜிம்முக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம், துணி காயப்போட மொட்டை மாடிச் சாவி கேட்டால் கிடையாது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் "செயற்கை" என்று எதைச் சொல்வது என்று எனக்கும் கொஞ்சம் குழப்பம்.

டவுன்ஷிப்பின் கஷ்டமான பக்கம், ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். விதி அதுதான், முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்பா 1993-ல் காலி செய்து, பலரைப் போல வடலூரில் ஒரு மனை வாங்கிக் கட்டினார். பாலக்காட்டுக்காரர் ஊருக்கே போய்விட்டார். ஜான் அங்கிள் கடலூருக்கு. இருபது வருஷம் ஒரே தெருவில் இருந்தவர்களை ஒரு ஓய்வூதிய வரிசைப்படி ஒவ்வொருவராக உருவி எடுத்தாற்போல இருந்தது. 1998-ல் நெய்வேலி புத்தகக் கண்காட்சி ஆரம்பித்த பிறகு, அந்தச் சாக்கில் வருஷம் ஒருமுறை போய்விட்டு வருகிறேன். ஒருமுறை எங்கள் பழைய வீட்டு வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து ஒரு பையன் வந்து, உதட்டில் விரலை வைத்து, "அப்பா நைட் ஷிஃப்ட், தூங்குறாங்க" என்றான். பேசாமல் வந்துவிட்டேன்.

போவதென்றால் தைரியமாகப் போங்கள். வீடு ஒதுக்கும்போது தரைத்தளமா மாடியா என்று கேட்டால் தரைத்தளம் கேளுங்கள். ஒரு முருங்கை வைக்கலாம், துணி காயப்போடலாம், யாரும் போட்டோ எடுக்கமாட்டார்கள்.