கார் சாக்கெட்டில் மிக்சி ஓடுமா?

தங்கச்சி, சாயங்காலம் இடி இடித்தால் கரண்ட் போய்விடுகிறது, கைக்குழந்தை புழுக்கத்தில் தூங்க மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரரின் கார் சாக்கெட்டில் 300 வாட் இன்வெர்ட்டர் (பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) மாட்டி, இந்தியாவில் நம் ஊரிலிருந்து மலேசியாவுக்குக் கொண்டுவந்த மிக்சி, ரைஸ் குக்கர், நெபுலைசர் (பிள்ளை மூச்சில் இழுக்க மருந்தைப் புகைபோல ஆக்கித் தரும் கருவி), ஃபேன் எல்லாவற்றையும் ஓட்டலாமா என்பது கேள்வி. ஃபேன் ஓடும். மிக்சியும் குக்கரும் ஓடாது. நெபுலைசருக்குக் காரை நம்ப வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. சுங்கை சிப்புட் பக்கம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் இடிமழை பிடித்துக்கொள்ளும். இடி விழுந்ததும் வீட்டு மெயின் பெட்டியில் டிரிப் சுவிட்ச் தானாக விழுந்துவிடுவதும் உண்டு. அதனால் கரண்ட் போனதும் பக்கத்து வீட்டைப் பாருங்கள். அங்கே லைட் எரிந்தால் கோளாறு உங்கள் பெட்டியில்தான். சுவிட்சை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் திரும்பத் திரும்பத் தூக்காமல் வயர்மேனைக் கூப்பிடுங்கள். தெருவே இருட்டாக இருந்தால் மின்சாரக் கம்பெனி தெனாகாவுக்கு 15454 என்ற எண்ணில் போன் செய்யுங்கள்.

சரி, காருக்கு வருவோம். நம் ஊரில் வீட்டு இன்வெர்ட்டரோடு வைப்பது 150 ஆம்பியர்-மணி (பேட்டரியில் எவ்வளவு கரண்ட் சேரும் என்பதன் அளவு) கொண்ட பெரிய பேட்டரி. மெதுவாகக் கொடுத்து, மறுபடி சார்ஜ் ஏறி, வருடக்கணக்கில் உழைப்பதற்கென்றே செய்தது. இங்கே சின்னக் கார்களில் இருப்பது 35 முதல் 45 வரைதான். அதன் வேலையும் வேறு: சாவியைத் திருப்பும் சில நொடிகளில், இஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றிவிடுவது. அதைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். இந்த ஊர் வெயிலில் கார் பேட்டரி இரண்டு வருடம் தாங்கினாலே பெரிது.

கணக்கும் பார்த்துவிடலாம். 40 ஆம்பியர்-மணியை 12 வோல்ட்டால் பெருக்கினால் 480 வாட்-மணி. பாதியைத்தான் தொடலாம், 240. இன்வெர்ட்டரே பத்துப் பதினைந்து சதவீதத்தை விழுங்கிவிடும். 50 வாட் ஃபேன் ஒன்றை நான்கு மணி நேரம் ஓட்டலாம், அதுவும் பேட்டரி புதிதாக இருந்தால். உங்களுடையது பழைய கார் என்கிறீர்கள், இரண்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த 300 வாட் விஷயம். அது இன்வெர்ட்டர் தரக்கூடிய அளவு, சாக்கெட் தரக்கூடியது அல்ல. கார் ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் படம் போட்டிருப்பார்கள். சாக்கெட்டின் ஃபியூஸ் எது என்று பார்த்துப் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலும் நீலக் கலரில் 15 என்று இருக்கும், சிலவற்றில் சிவப்பில் 10. பதினைந்து ஆம்பியர் என்றால் அதிகபட்சம் 180 வாட். நிம்மதியாக ஓட்ட 120க்குள் நில்லுங்கள். எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பச்சைக் கலர் 30ஐச் செருகிவிட்டார்கள். ஃபியூஸ் நின்றது, வயர் உருகியது. பிளக்கைப் பிடுங்கியபோது நுனி வளைந்து, சாக்கெட் உள்பக்கம் பழுப்பேறி, கருகின வாடை வந்தது. தயவுசெய்து அதைச் செய்துவிடாதீர்கள். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், விரல் வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள்.

மிக்சி 500, 750 வாட். குக்கரும் அதே ரகம். இந்த ஊர் கரண்டும் 50 ஹெர்ட்ஸ்தான், வோல்ட்டும் நம் ஊர் அளவுதான். அதனால் சாமான் எல்லாம் வீட்டில் நன்றாக ஓடும், பிளக்கை மட்டும் இந்த ஊர் சதுரக்கால் பிளக்காக மாற்றினால் போதும். காரில்தான் முடியாது. சோறு கேஸ் அடுப்பில் வெந்துவிடும், சட்னி ஒருநாள் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஃபிரிட்ஜையும் மாட்ட வேண்டாம். கதவைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும்.

நெபுலைசரில் மோட்டார் இருக்கிறது. மலிவான இன்வெர்ட்டரில் வரும் கரடுமுரடான மின் அலையில் மோட்டார் உறுமும், சூடாகும். பிள்ளைக்கு மூச்சு வாங்கும் நேரத்தில் இந்தச் சோதனை வேண்டாம். பேட்டரியில் ஓடும் சின்ன நெபுலைசர் மருந்துக்கடையில் கிடைக்கிறது, டாக்டரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இஞ்சினை ஓடவிட்டால் பேட்டரி இறங்காதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் பலபேர் காரைப் பின்பக்கமாகப் போர்ச்சுக்குள் ஏற்றி நிறுத்துகிறார்கள். புகைக்குழாய் நேராகக் கூடத்து ஜன்னலைப் பார்க்கும். அந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிற குழந்தைக்குத் தெரியவே தெரியாது. போர்ச்சில் இஞ்சின் ஓடக்கூடாது, கேட் திறந்திருந்தாலும் சரி. இன்வெர்ட்டர் வயரை வீட்டுச் சுவர் பிளக்கில் சொருகி வீடு முழுக்கக் கொடுக்கும் யோசனை யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள், ஆளைக் கொல்லும்.

எனக்குப் பெரிய கவலை இதுதான். இன்வெர்ட்டர் தானாக அணைவது பேட்டரி பத்து, பத்தரை வோல்ட்டுக்கு இறங்கிய பிறகு. அந்த நிலையில் கார் ஸ்டார்ட் ஆகாது. தோட்டத்துப் பக்கம் குடியிருக்கிறீர்கள், செம்பனைக்கு நடுவே ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வண்டி பிடிக்க முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினால் ஈப்போவுக்குப் போக அந்தக் கார் ஒன்றுதான்.

அதனால் காரிலிருந்து எடுப்பதை அது ஓடும்போதே எடுத்துவிடுங்கள். வீட்டுக்காரர் தினமும் வேலைக்குப் போய் வருகிறாரே, போகும்போது பவர் பேங்கையும் சார்ஜ் ஃபேனையும் யுஎஸ்பி சார்ஜரில் போட்டுக்கொண்டு போகட்டும். இன்வெர்ட்டரே தேவைப்படாது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் சார்ஜ் ஃபேன் ஒன்று குழந்தை தூங்கப் போதும். ஏற்கெனவே இன்வெர்ட்டர் வாங்கிவிட்டீர்கள் என்றால் லேப்டாப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கார் எந்த மாடல், ஃபியூஸில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள், எது தாங்கும் என்று சொல்கிறேன்.