கேரள எல்லைப் பக்கம் நண்பர்களோடு ஒரே நாளில் பார்த்துத் திரும்ப நல்ல கட்டடங்கள் எவை? இலையுதிர் காலத்தில், அக்டோபர் வாக்கில், வரலாமா?

தாராளமாக வரலாம். ஆனால் இலையுதிர் காலம் என்று போட்டிருக்கிறீர்களே, எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறைப் பக்கம் அக்டோபரில் எந்த மரமும் இலை உதிர்க்காது. ரப்பர் மரம் உதிர்க்கும், அதுவும் தை மாசியில்தான். அக்டோபர் என்றால் ஐப்பசி, ஐப்பசி என்றால் மழை. மலையாளத்தில் துலாவர்ஷம் என்பார்கள். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், மத்தியானம் தாண்டியதும் இடி இடித்துக் கொட்டும். மழை இருக்கிறது, அப்புறம் வா என்று பலர் சொல்லக்கூடும். நான் அந்த மழைக்காகவே வாருங்கள் என்பேன். இங்குள்ள பழைய கட்டடங்கள் மழைக்குப் பயந்து கட்டியவை. மழையில் நின்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

சில வருடம் முன்பு அக்டோபர் கடைசியில் நாலு பேராகப் போனோம். நான், கேரளத்து நெய்யாற்றின்கரை நண்பன் ஒருவன், சென்னையிலிருந்து வந்த கல்லூரித் தோழி, வீடு கட்டும் காண்ட்ராக்ட் எடுக்கும் அண்ணன் ஒருவர். அதற்கு முந்தைய தடவை எல்லாரையும் திங்கட்கிழமை கிளப்பிக்கொண்டு போய், பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் பூட்டைக் காட்டித் திருப்பிக் கூட்டி வந்த பெருமை எனக்கு உண்டு. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

காலையில் திருவட்டாறு. ஆதிகேசவப் பெருமாள் கோயில் உச்சி நேரத்தில் நடை சாத்திவிடும் என்பதால் இதை முதலில் வையுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், இங்கெல்லாம் அதுதான் வழக்கம். நூற்றெட்டு திவ்யதேசங்களில் ஒன்று, நம்மாழ்வார் பாடியது. பெருமாள் 22 அடி நீளத்தில் மேற்கே பார்த்துப் பள்ளிகொண்டிருக்கிறார். கல்லில் செதுக்கியதல்ல, கடுசர்க்கரை என்னும் கலவையில் செய்த திருமேனி. ஒரே வாசலில் முழுதும் தெரியாது, மூன்று வாசல்களில் பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்தது வெளிப் பிராகாரம். தூணுக்குத் தூண் ஒரு பாவை விளக்கேந்தி நிற்கிறாள். ஒருத்தியின் கொண்டை மாதிரி இன்னொருத்திக்கு இல்லை. தோழி கொண்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தாள், அதற்கே முக்கால் மணி நேரம் போனது. 2022 ஜூலையில் இங்கே கும்பாபிஷேகம் நடந்தது, 400 வருடங்களுக்கு மேல் கழித்து.

அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம் பக்கம்தான். இது கோயிலும் அல்ல, அரண்மனையும் அல்ல. பறளியாற்றுக்கு மேலே ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோகும் கான்கிரீட் தொட்டி. 1966இல் கட்டியது. 28 தூண்கள், உயரம் 115 அடி. தொட்டியை ஒட்டி நடக்கப் பாதை இருக்கிறது. நடுவில் நின்று கீழே பார்த்தால் ரப்பரும் தென்னையுமாக ஒரே பச்சை. அண்ணனுக்கு அன்றைக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். "ஆயிரம் வருசத்துக் கல்லு நிக்குது, அது சரி. இது கம்பியும் சிமென்டும் மக்கா, இன்னும் நிக்குது பாரு" என்றார். தொழில் பார்க்கிறவர் பார்வை வேறு.

மத்தியானம் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும். இதற்குமேல் சாப்பாட்டைப் பற்றி எழுதினால் பதில் வேறு பக்கம் போய்விடும்.

சிதறால் மலையிலுள்ள சமணச் சிற்பங்களையும் பார்க்க எண்ணியிருந்தோம், விட்டுவிட்டோம். மழை நாளில் பாறை வழுக்கும், தவிர ஒரு நாளில் நாலு இடம் என்றால் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது. அரண்மனைக்கு மட்டுமே இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பத்மநாபபுரம் தக்கலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. ஆனால் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1ஆம் தேதி எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது கொட்டாரம், அதாவது அரண்மனை, மட்டும் அவர்கள் கையில் நின்றுவிட்டது. "மாவட்டத்த தந்தோம்லா, ஒரு வீட்டயாவது வச்சுக்கிடுதோம்" என்பது நெய்யாற்றின்கரைக்காரனின் நிரந்தர நக்கல். திருவிதாங்கூர்த் தலைநகரம் 1790களில் திருவனந்தபுரத்துக்குப் போகும்வரை ராஜாக்கள் இங்கிருந்துதான் ஆண்டார்கள். இன்று நாம் பார்க்கும் அரண்மனையில் பெரும்பகுதி மார்த்தாண்ட வர்மா ராஜா காலத்து வேலை.

செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால் முதலில் காலுக்குத்தான் தெரியும். கறுப்புத் தரை, கண்ணாடி மாதிரி வழுவழுப்பு, நல்ல குளிர்ச்சி. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்று உள்ளே நிற்கும் வழிகாட்டிகள் சொல்வார்கள். பூமுகத்தின் (முகப்பு மண்டபம்) மரக்கூரையில் 90 பூக்கள், ஒன்று போல ஒன்று கிடையாது. மேலே ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் மரச்சட்டங்களைச் சாய்த்து அடுக்கிய சன்னல்கள், இடையில் வண்ண அப்பிரகத் (மைக்கா) தகடுகள். அடுத்து ஊட்டுப்புரை, அதாவது சாப்பாட்டுக் கூடம். இரண்டு தளம், தளத்துக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம்.

நாங்கள் தாய்க்கொட்டாரத்துக்கு வந்தபோது மூன்று மணி, மழை பிடித்துக்கொண்டது. அரண்மனையிலேயே பழைய பகுதி இது. நாலுகெட்டு, அதாவது நாலு பக்கமும் கட்டடம், நடுவில் திறந்த அங்கணம் (முற்றம்). நாலு பக்கத்து ஓட்டுக்கூரையிலிருந்தும் தண்ணீர் திரைபோல உள்ளே இறங்கியது. நாங்கள் அதிலிருந்து நாலடி தள்ளி நிற்கிறோம், மேலே ஒரு பொட்டுச் சாரல் இல்லை. கூரை அவ்வளவு தாழ்வாக இறங்குகிறது. அதனாலேயே வழக்கமாக அந்த அறைகள் இருட்டாகத் தெரியும், எனக்கும் முன்பெல்லாம் அது ஒரு குறையாகத்தான் பட்டது. அன்றைக்கு அங்கணத்து வெளிச்சம் கறுப்புத் தரையில் பட்டுத் தூணின் செதுக்கு வேலை வரைக்கும் ஏறியது. மரச்சட்டங்கள் வழியாக ஈரக்காற்று வந்தது, தண்ணீர் வரவில்லை. சென்னைத் தோழி தன் ஃப்ளாட்டில் சன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் சாரல் என்று புலம்பத் தொடங்கினாள். கரண்ட் இல்லாத காலத்தில் அந்தச் சிக்கலைத் தச்சர்கள் தீர்த்து வைத்திருக்கிறார்கள்.

அண்ணன் அங்கேயே வகுப்பெடுக்க ஆரம்பித்தார். இறவாணம், அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு, எவ்வளவு நீட்டினால் சுவர் நனையாது, இப்போது வீடு கட்டுகிறவர்கள் அதை ஒரு அடியாகக் குறைத்துவிட்டு அப்புறம் சுவரில் ஈரம் என்று தன்னைத் திட்டுகிறார்கள், இப்படி. பின்னால் நின்ற யாரோ ஒரு குடும்பமும் கேட்டுக்கொண்டிருந்தது.

நாலரைக்கு வெளியே வந்தோம். செருப்பு வைக்கும் இடத்தில் கூட்டம் என்று அண்ணன் தன் புது ஷூவை ஒரு கட்டடச் சுவர் ஓரமாக விட்டுவிட்டு வந்திருந்தார். சுவரோடு ஒட்டி வைத்திருக்கலாம், இரண்டடி தள்ளி வைத்துவிட்டார். சரியாக இறவாணத் தண்ணீர் விழும் இடம். இரண்டு ஷூவும் விளிம்பு வரை நிரம்பியிருந்தன.